விருப்பமில்லை என்று சொன்ன பிறகும் போட்டி நிற்கவில்லை. கல்லூரி ஏன் அந்த மாணவியையே அழைத்துக் கண்டிக்கிறது?

கேள்வி: வேலந்தாவளம் பேருந்துக்காரி

நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தைச் சேர்ந்தவள். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுப் பேச்சு தமிழ், அரசு அலுவலகப் பேச்சு மலையாளம். கல்லூரிக்காக வேலந்தாவளம் வழியே எல்லை தாண்டிக் கோயம்புத்தூர்ப் பக்கம் தினமும் பேருந்தில் போய்வருகிறவர்கள் எங்களில் பலர். நான் மூன்றாம் ஆண்டு வணிகவியல் படிக்கிறேன். கல்லூரியின் பெயரை எழுதப் போவதில்லை. கேட்க வந்தது, எங்கள் பேருந்தில் வரும் முதலாமாண்டு மாணவி ஒருத்தியைப் பற்றி. அவளுடைய ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். அவளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டிருக்கிறேன்.

வகுப்புகள் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே, புதிதாகச் சேர்ந்த மாணவிகளின் இன்ஸ்டாகிராம் படங்கள் சீனியர் மாணவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் வரிசையாகப் போடப்பட்டு, ஒவ்வொருத்திக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இடப்பட்டது. இவளுக்கு 'கேரளா பொண்ணு' என்ற அடைமொழியோடு மேலான மதிப்பெண் கிடைத்தது. வீட்டில் கொங்குச் சாயல் தமிழ் பேசுகிறவள், தமிழ்வழிப் பள்ளியில் படித்தவள், எல்லை தாண்டியதும் மலையாளிப் பெண்ணாகிவிடுகிறாள். மலையாளிப் பெண் என்றால் தாராளமாகப் பழகுவாள், எளிதில் 'செட்' ஆகிவிடுவாள் என்ற நினைப்பும் அவள் தலையில் தானாகவே வந்து ஏறிவிடுகிறது.

அந்தப் பட்டியலுக்குப் பிறகு இரண்டு பேர் அவள்மேல் உரிமை கொண்டாடத் தொடங்கினார்கள். ஒருவர் என் துறை, மற்றவர் வேறு துறை. யார் முதலில் கைபேசி எண்ணை வாங்குவது, யாருடைய செய்திக்கு அவள் பதில் அனுப்புவாள், யாரோடு கேன்டீனில் உட்காருவாள் என்று குழுவில் பந்தயம் கட்டப்பட்டது. 'அது உங்க அண்ணிடா' என்று ஒரு தரப்பு ஜூனியர் மாணவர்களிடம் சொல்லிவைத்ததால், அவள் வகுப்பில் படிக்கும் பையன்கள் அவளிடம் நோட்டுக் கேட்கவும் தயங்குகிறார்கள். அவள் இருவரிடமும், தனித்தனியாக, எனக்கு விருப்பமில்லை என்று சொல்லிவிட்டாள். முதலாமவர் அதைக் கேட்டு இரண்டாமவர் முந்திவிட்டார் என்று முடிவு செய்தார். இரண்டாமவர் முதலாமவரைப் பற்றி அதே முடிவுக்கு வந்தார். வண்டி நிறுத்துமிடத்தில் கைகலப்பு நடந்தது. இப்போது இரு தரப்பும் சேர்ந்து அவளைத் 'தேப்புக்காரி', அதாவது காதலித்துவிட்டுக் கைவிட்டவள், என்கிறார்கள். ஒருவரையும் காதலிக்காதவள் யாரைக் கழற்றிவிட்டாள் என்று அந்தக் குழுவில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

வகுப்பு ஆலோசகர் இவளைத்தான் முதலில் கூப்பிட்டார். "உங்க ஊர்ல இதெல்லாம் சகஜமா இருக்கலாம், இங்க பசங்ககிட்ட அளவாப் பேசணும்" என்று அறிவுரை சொன்னார். அந்த இருவர் மீதும் 'மாணவர்களுக்கிடையே சண்டை' என்று எழுதி, எச்சரித்து அனுப்பினார்கள். சண்டைக்கு என்ன காரணம் என்று அந்தத் தாளில் ஒரு வரியும் இல்லை. அவளுடைய வகுப்புப் பெண்களிலேயே சிலர், நீ சிரித்துப் பேசியதால் வந்த வினை என்று சொல்லியிருக்கிறார்கள்.

நான் கேட்பது இரண்டு. விருப்பமில்லை என்ற சொல் இந்த ஆண்களின் காதில் ஏன் விழுவதே இல்லை? அடுத்து, அவள் வீட்டுக்குத் தெரியாமல் முறையாகப் புகார் கொடுக்க வழியிருக்கிறதா? வீட்டுக்குத் தெரிந்தால், எல்லை தாண்டிப் படிக்கப் போனது போதும் என்று நிறுத்திவிடுவார்கள். அவளுக்கு அந்த இருவரிடம் உள்ள பயத்தைவிட இந்தப் பயமே பெரிது.

மறுமொழி: எருத்தேம்பதி பழைய மாணவன்

உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். சட்டம் தெரிந்தவர்கள் இரண்டாவதற்கு வரட்டும்.

நான் எல்லைக்கு இந்தப் பக்கம், பாலக்காட்டில் படித்து விடுதியில் தங்கியவன். விடுதியில் நான் பார்த்த வரையில், ஒருவன் ஒரு பெண்ணை விரும்பினால் அதை முதலில் அவளிடம் சொல்வதில்லை. அறை நண்பர்களிடம் சொல்கிறான். அன்றைக்கே அவள் 'அவனுடைய ஆள்' ஆகிவிடுகிறாள். வேறொருவன் அவளைப் பார்ப்பது நட்புக்குச் செய்யும் துரோகமாகிவிடுகிறது. இவ்வளவும் முடிந்த பிறகுதான் அவளுக்கே செய்தி போகிறது. அவள் மறுக்கும்போது, விரும்பியவள் கிடைக்காத வருத்தத்தைவிட, அறையில் இருக்கும் ஐந்து பேரின் முகத்தில் எப்படி விழிப்பது என்ற வெட்கமே அவனைக் கூடுதலாகத் தின்கிறது. ஆகவே அவன் மறுப்பை ஒப்புக்கொள்வதில்லை. 'வேற எவனோ நடுவுல புகுந்துட்டான்' என்று சொன்னால் நண்பர்களிடம் மானம் மிஞ்சும். 'அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை' என்று சொன்னால் மிஞ்சாது. நீங்கள் சொன்ன இருவரும் ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டியது இதனால்தான் என்று நினைக்கிறேன். அந்தச் சண்டையில் அவர்கள் இருவருக்குமே ஆதாயம் இருந்தது.

ஊர்ப் பெயரை வைத்து மதிப்பெண் போடுவது இந்தப் பக்கமும் உண்டு, திருப்பிப் போட்ட வடிவத்தில். எங்கள் கல்லூரியில் தமிழ் பேசுகிற பையன்களுக்குப் 'பாண்டி' என்று இழிபெயர். அந்தப் பெயரைக் கழுவிக்கொள்ள, மலையாளம் பேசும் பெண்ணைக் காதலித்துக் காட்ட வேண்டும் என்று வெளிப்படையாகவே பேசிக்கொள்வார்கள். எங்களோடு படித்த தமிழ்ப் பெண்களைப் பற்றி அதே வாய்கள் என்ன பேசின என்பதை இங்கே எழுத விரும்பவில்லை. கோயம்புத்தூரில் 'கேரளா பொண்ணு' என்று ஏறுகிற மதிப்பெண்ணும் இங்கே 'பாண்டிப் பொண்ணு' என்று இறங்குகிற மதிப்பெண்ணும் ஒரே ஊர்ப் பெண்ணுக்கு, ஒரே மாதிரி ஆண்களால் போடப்படுகின்றன. அவள் யார், என்ன படிக்கிறாள், யாரைப் பிடிக்கும் என்பதற்கு இரண்டு பட்டியலிலும் இடமில்லை.

ஒன்று செய்து பார்க்கலாம். உங்கள் துறைக்காரரிடம் நீங்கள் நேரில் பேச வேண்டாம். அவர் மதிக்கும் நண்பன் ஒருவன் அந்தக் குழுவிலேயே இருப்பான். அவன் 'போதும்டா, அவ சொல்லிட்டா' என்று எல்லோர் முன்னாலும் சொன்னால் பாதி ஆட்டம் அங்கேயே கலைந்துவிடும். விடுதியில் அப்படிக் கலைந்ததை நான் பார்த்திருக்கிறேன். பெண்கள் பத்து முறை சொல்லியும் ஏறாதது, ஒரு ஆண் ஒரு முறை சொன்னதும் ஏறியது என்பது பெருமைப்படக்கூடிய செய்தி ஆகாது என்பதும் தெரியும்.

மறுமொழி: மீனாட்சிபுரம் இளைஞன்

எல்லாப் பையன்களையும் ஒரே கூண்டில் ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் ஆண்கள் பள்ளியில் படித்தவன்; சொந்தக்காரப் பெண்களைத் தவிர யாரிடமும் பேசிப் பழக்கமில்லாமல் கல்லூரிக்கு வந்தேன். எங்கள் மெக்கானிக்கல் வகுப்பில் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அங்கே போட்டி வராமல் எப்படி இருக்கும்? பெண்களும் பையன்களைத் தரம் பிரிக்கத்தான் செய்கிறார்கள். பைக் என்ன, கைபேசி என்ன, நிறம் என்ன என்று பார்க்கிறார்கள். தயங்கித் தயங்கி ஒருவன் அனுப்பிய செய்தியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துத் தங்கள் குழுவில் போட்டுச் சிரிக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவன் அதற்குப் பிறகு ஒரு பருவம் முழுக்க வகுப்பில் தலை நிமிரவில்லை. அதைக் கேட்க ஆளே இல்லை. ஒரு பெண்ணிடம் விருப்பத்தைச் சொல்வதே குற்றம் என்றால் காதல் திருமணமே நடக்காது.

மறுமொழி: வேலந்தாவளம் பேருந்துக்காரி

மீனாட்சிபுரத்துக்காரருக்கு: ஸ்க்ரீன்ஷாட் எடுத்துச் சிரிப்பது நடக்கிறது, அது அசிங்கம்தான். எங்கள் பெண்கள் குழுவில் அப்படி ஒன்று வந்தபோது நான் அதை எதிர்த்துப் பேசி இரண்டு தோழிகளை இழந்திருக்கிறேன். விருப்பத்தைச் சொல்வது குற்றம் என்று நான் எங்கும் எழுதவில்லை. அந்த இருவரும் ஒரு முறை கேட்டு, மறுப்பைக் கேட்டுவிட்டு விலகியிருந்தால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன்.

மறுநாளிலிருந்து யாருடைய வாழ்க்கை மாறியது என்று மட்டும் பாருங்கள். உங்கள் நண்பர் தலைகுனிந்தார் என்றாலும் அதே பேருந்தில், அதே இருக்கையில், அதே பாடத்தைப் படித்தார். இவள் இன்ஸ்டாகிராம் கணக்கை மூடிவிட்டாள். விருப்பப் பாடத்தை, அதில் அந்த இரண்டாமவரின் நண்பர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக மாற்றிக்கொண்டாள். முன்னால் போகும் பேருந்தைப் பிடிக்க விடியும் முன் எழுந்திருக்கிறாள். வீட்டில் கேட்டால் சிறப்பு வகுப்பு என்று சொல்கிறாள். கேன்டீனுக்குப் போவதே இல்லை.

எருத்தேம்பதி அண்ணாவுக்கு நன்றி. நீங்கள் சொன்ன மாதிரி நண்பர் ஒருவரைக் கண்டுபிடித்திருக்கிறேன். பேசுவதாகச் சொல்லியிருக்கிறார், பார்க்கலாம்.

மறுமொழி: எருத்தேம்பதி பழைய மாணவன்

பெண்கள் குறைவாக இருப்பதால் போட்டி வருகிறது என்று மீனாட்சிபுரம் தம்பி சொன்னதற்கு ஒரு வார்த்தை. கேரளத்தின் கலை அறிவியல் கல்லூரிகளில் பெண்களே பெருவாரி. எங்கள் வகுப்பில் பையன்கள் ஒரு பெஞ்சுக் கூட்டம், மற்ற இடமெல்லாம் பெண்கள். அப்படியும் அந்த ஒரு பெஞ்சு முழுக்க, சீனியர்கள் 'டாப்' என்று பெயர் சொன்ன இரண்டே பெண்களுக்காக அடித்துக்கொண்டது. அவர்களில் ஒருவன், பக்கத்து வரிசையில் தன்னோடு நன்றாகப் பேசிப் பழகிய பெண்ணைப் பிடித்திருந்தும், நண்பர்கள் கிண்டல் செய்வார்கள் என்று அவளை ஒதுக்கினான். பற்றாக்குறை காரணமாக இருந்தால் அப்படி நடந்திருக்காது. ஆண்கள் பள்ளியிலிருந்து வந்தவனுக்குப் பெண்களிடம் பேசத் தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவனுக்குக் கல்லூரியில் அதைச் சொல்லித் தருவது யார்? பட்டியல் போடுகிற அந்தச் சீனியர்தான்.

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆசிரியை, பொள்ளாச்சி

கல்லூரி ஒன்றின் உள் புகார்க் குழுவில் பணியாற்றிய அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். இந்தப் பிரச்சினை வகுப்பு ஆலோசகர் தன் மேசையிலேயே தீர்த்துவைக்கக் கூடியது அன்று. பல்கலைக்கழக மானியக் குழு 2015-இல் வெளியிட்ட விதிகளின்படி, அரசுக் கல்லூரியாயினும் தனியார் கல்லூரியாயினும் ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள் குழு இருக்க வேண்டும். மூத்த பெண் ஆசிரியர் ஒருவர் அதற்குத் தலைமை வகிப்பார். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருப்பர். மாணவர் தொடர்பான புகார் என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவப் பிரதிநிதிகளும் அமர்வர். வெளியிலிருந்து ஓர் உறுப்பினரும் உண்டு. உங்கள் கல்லூரியில் அந்தக் குழு யார் யார் என்பது அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதையே முதலில் எழுத்தில் கேளுங்கள்.

புகாரைச் சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தொடர்ச்சியாக நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். அதுவரை அவள் விடியும் முன் எழுந்து ஓட வேண்டியதில்லை. எதிர்மனுதாரர்கள், அதாவது புகாருக்கு உள்ளானவர்கள், விலகி இருக்கும்படி இடைக்காலமாகவே உத்தரவிடுமாறு அவள் கேட்கலாம். ஒன்றைக் கவனியுங்கள்: உடல் அல்லது மனநிலை காரணமாகவோ இறப்பினாலோ பாதிக்கப்பட்டவரால் புகார் தர இயலாதபோதுதான் தோழி அவருக்குப் பதிலாகப் புகார் தரலாம். எனவே கையெழுத்து அவளுடையதாக இருக்க வேண்டும். எழுதுவதற்குக் குழு உறுப்பினர்களே உதவக் கடமைப்பட்டவர்கள்.

மீனாட்சிபுரம் தம்பியின் அச்சத்துக்கும் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு, ஒரு பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஓர் ஆண் அவளை மீண்டும் மீண்டும் பின்தொடர்வதையும் தொடர்புகொள்வதையும்தான் குற்றம் என்கிறது. முதல் முறைக்கு மூன்று ஆண்டு வரை சிறை, மறுமுறை ஐந்து ஆண்டு வரை. ஒரு முறை மரியாதையாகக் கேட்டவர் இதில் சிக்க மாட்டார். கேலி கிண்டல்தானே என்று ஒதுக்குகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: 1998-இல் சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர் அப்படிப்பட்ட கேலியில் உயிரிழந்த பிறகே தமிழ்நாடு இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. கல்லூரி ஏற்பாடு செய்த பேருந்தும் விதிகளின்படி வளாகத்தில் அடங்கும். நீங்கள் வருகிற பொதுப் பேருந்தில் நடந்தால் காவல் நிலையம் செல்வதே உறுதியான வழி. எந்த மாநிலத்துக் காவல் நிலையம் என்று அலைக்கழிக்க முடியாது. சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு கூறுகிறது. சித்தூரிலேயே கொடுக்கலாம்.

வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் பற்றி எழுதியிருக்கிறீர்கள். 2019-இல் எங்கள் ஊரின் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கு வெளியே வந்தபோது, புகார் கொடுத்த மாணவியின் அடையாளம் வெளியிடப்பட்டது. அதற்காக 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. 2025 மே 13 அன்று குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் சிறை விதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் இந்த வட்டாரத்து வீடுகள் பெண்களின் கைபேசியைப் பிடுங்கியதையும், தூரத்துக் கல்லூரி வேண்டாம் என்று விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்றதையும் ஆசிரியையாகப் பார்த்தேன். பையன்களின் கைபேசியை எந்த வீடும் வாங்கிப் பார்த்ததாக நான் அறியவில்லை.

மறுமொழி: திருவனந்தபுரத்தில் பணிபுரியும் சித்தூர்க்காரி

அந்த ஆலோசகர் 'உங்க ஊர்ல இதெல்லாம் சகஜம்' என்று சொன்னாரே, அந்தச் சகஜத்தை அவர் இங்கே வந்து பார்க்க வேண்டும். 2022 ஜூலையில் திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரி அருகே பேருந்து நிறுத்தத்தில் இருந்த நீள இருக்கையை, ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்காரக் கூடாது என்று மூன்று தனி இருக்கைகளாக வெட்டி வைத்தார்கள். மாணவ மாணவியர் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து படம் எடுத்து எதிர்ப்புக் காட்டினார்கள். கோழிக்கோடு மாவட்டக் கல்லூரி ஒன்றின் பெண்கள் விடுதியில் மாலை நேரம் கைபேசி கூடாது என்ற விதியை எதிர்த்து மாணவி ஒருவர் உயர் நீதிமன்றம் வரை போய், 2019-இல் வென்றார். பையன்கள் தவறு செய்தால் பெண்களின் நேரத்தைக் குறைப்பது, இருக்கையைப் பிரிப்பது, கைபேசியை வாங்குவது என்ற ஒரே மருந்தை எல்லைக்கு இரு பக்கமும் கொடுக்கிறார்கள். பேசவே விடாமல் பிரித்து வைத்தால் பட்டியல் போடுகிற குழுக்கள் இன்னும் கொழுக்கும் என்பதே என் எண்ணம். நேரில் பேசிப் பழகிய பெண்ணுக்கு மதிப்பெண் போட எவனுக்கும் கை கூசும்.

மறுமொழி: வேலந்தாவளம் பேருந்துக்காரி

டீச்சர், மிக்க நன்றி. புகாரைப் பெற்றதும் குழு பெற்றோரை அழைக்குமா? அது ஒன்று தெரிந்தால் அவள் எழுதிவிடுவாள். அந்தப் பட்டியலின் ஸ்க்ரீன்ஷாட்டை, நான் பேசிய நண்பர் எங்களுக்கு அனுப்பியிருக்கிறார். பந்தயச் செய்திகளும் அதில் இருக்கின்றன.

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆசிரியை, பொள்ளாச்சி

முதலில் அவளுக்குப் பதினெட்டு வயது நிறைந்துவிட்டதா என்று பாருங்கள். முதலாமாண்டில் சிலருக்கு நிறைந்திருக்காது. நிறையாதிருந்து, கல்லூரிக்கு விஷயம் தெரியவந்தால், பதினெட்டு வயது நிறையாதவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் காவல்துறைக்குத் தெரிவிக்கும் கடமை உண்டு. அப்போது பெற்றோரை ஒதுக்கி வைக்க இயலாது. அவள் நம்பும் ஒரு உறவினரிடம், அத்தையோ சித்தியோ, முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது.

நிறைந்துவிட்டதென்றால், புகாரின் நகல் ஏழு நாளுக்குள் எதிர்மனுதாரருக்குப் போகும். பெற்றோருக்கு அனுப்ப வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. அடையாளத்தைக் காப்பது குழுவின் கடமை. ஆனாலும் பழக்கத்தில் வீட்டுக்குத் தொலைபேசி செய்துவிடுகிற கல்லூரிகள் உண்டு. ஆகவே 'நான் வயது நிறைந்தவள்; என் எழுத்து ஒப்புதல் இன்றி என் குடும்பத்தினரைத் தொடர்புகொள்ள வேண்டாம்' என்ற வரியைப் புகாரிலேயே எழுதட்டும்; தொடர்புக்கு அவளுடைய சொந்த எண்ணையும் மின்னஞ்சலையும் மட்டும் தரட்டும். அந்த இருவரிடமும் விருப்பமில்லை என்று சொன்ன நாளையும், அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு செய்தியின் தேதியையும் வரிசையாக எழுத வேண்டும். ஸ்க்ரீன்ஷாட்டில் மற்ற மாணவிகளின் படங்கள் இருக்குமே, குழுவைத் தவிர வேறு யாருக்கும் அதை அனுப்பாதீர்கள். அந்த நண்பர் சாட்சி சொல்ல முன்வந்தால் அவர் பெயரையும் சேர்க்கலாம். அவரைக் கேட்காமல் சேர்க்க வேண்டாம். புகாரின் நகலில் பெற்றுக்கொண்ட கையொப்பமும் தேதியும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.